அன்னா லியோனோவென்ஸ்: கணவரைப் பினாங்கில் புதைத்துவிட்டு புதுப் பிறப்பு எடுத்த பெண், அவர் பெயருக்கு எபிரேயத்தில் என்ன பொருள்?

உங்கள் வகுப்பில் ஓர் ஆன் படித்திருப்பார். அலுவலகத்தில் ஒரு ஹன்னா இருக்கலாம். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் உறவினர்கள் இருந்தால், குடும்பத்திலேயே ஓர் அன்னம்மா பாட்டி இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த மூன்று பேருக்கும் இருப்பது ஒரே பெயர்தான். மூவாயிரம் ஆண்டு பழைமையான ஓர் எபிரேயப் பெயர், ஊர் ஊராகப் போய் உருமாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களில் உலகம் முழுக்க அறியப்பட்டவர் அன்னா லியோனோவென்ஸ். சயாம் மன்னரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன ஆசிரியை. 'தி கிங் அண்ட் ஐ' படத்தை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும், மொட்டைத் தலை மன்னரும் அகலப் பாவாடை கட்டிய வெள்ளைக்கார டீச்சரும் நடனமாடும் காட்சி எங்காவது கண்ணில் பட்டிருக்கும்.

அந்த வெள்ளைக்கார டீச்சர் பிறந்தது இந்தியாவில். அவருடைய கணவர் புதைக்கப்பட்டது ஜோர்ஜ்டவுனில். இந்த இரண்டையும் அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்னா என்றால் என்ன?

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம்.

எபிரேய மொழியில் இது ஹன்னா. தொடக்கத்தில் வரும் 'ஹ' நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒலி அல்ல. தொண்டையின் அடியிலிருந்து வருவது. பள்ளியில் ஜாவி எழுத்து படித்த நண்பரிடம் கேட்டால், முஹம்மது என்ற பெயரில் வரும் அந்த ஹா எழுத்தைச் சொல்லிக் காட்டுவார். கிட்டத்தட்ட அதே ஒலிதான்.

எபிரேயத்திலும் அரபியிலும் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு வேரிலிருந்து முளைக்கும். ஹன்னாவின் வேர் ஹ-ன்-ன். அதன் பொருள் அருள், தயவு, கிருபை. உழைத்துச் சம்பாதித்த கூலிக்கு இந்தச் சொல் பொருந்தாது. மேலே இருப்பவர் மனமிரங்கி, கேட்காமலேயே கொடுப்பதற்குத்தான் பொருந்தும்.

ஆக, உங்கள் நண்பர்களில் ஒரு கிருபாவும், ஒரு கிரேஸும், ஓர் அருள்செல்வியும், ஒரு ஹன்னாவும் இருந்தால், நால்வரும் ஏறக்குறைய ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேர் இன்னும் சில எதிர்பாராத இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. ஜான் என்ற பெயரின் மூலம் யோஹனான். கடவுள் அருளினார் என்று பொருள். அதில் நடுவே இருப்பது இதே வேர். யானைகளை ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபாலின் பெயரிலும் இதுதான் இருக்கிறது. எபிரேயத்துக்கு நெருங்கிய உறவான பினீசிய மொழியில், பால் என்ற தெய்வத்தின் அருள் என்று பொருள். அரபியில் கனிவு, பாசம் என்ற பொருளில் வரும் ஹனான் என்ற சொல்லும் இதே குடும்பம்.

பைபிளில் முதலில் வரும் ஹன்னா, பிள்ளையில்லாமல் கோயிலில் அழுது வேண்டியவர். பிறகு சாமுவேல் தீர்க்கதரிசியைப் பெற்றெடுத்தவர். தமிழ் வேதாகமம் அவரை அன்னாள் என்கிறது. புதிய ஏற்பாட்டில் இன்னோர் அன்னாள் வருகிறார். கல்யாணமாகி ஏழே ஆண்டில் கணவரை இழந்து, எண்பத்து நான்கு வயதிலும் ஆலயத்தை விட்டு நீங்காத விதவை. இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அன்னாள், மரியாளின் தாயார், ஏசுவின் பாட்டி. இவர் பெயர் பைபிளிலேயே கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, வேதாகமத்தில் சேர்க்கப்படாத ஒரு நூலிலிருந்துதான் இவர் கதை பரவியது. இஸ்லாமிய மரபிலும் மரியமின் தாயாரை ஹன்னா என்றே சொல்வார்கள். குர்ஆனில் இம்ரானின் மனைவி என்று மட்டும்தான் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத் திருவிழாவில் கூட்டம் அலைமோதும் புனித அன்னாள் ஆலயம் இந்தப் பாட்டிக்குத்தான். அங்கே முதல் சிற்றாலயம் எழுந்தது 1846-இல்.

சரி, ஹன்னா எப்படி அன்னா ஆனது? கிரேக்கர்கள் அந்தத் தொண்டை ஒலியை விட்டுவிட்டார்கள். லத்தீன் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது கடைசி ஆகாரமும் உதிர்ந்து ஆன் ஆகிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நம் வழக்கப்படி ஓர் அம்மாவைச் சேர்த்து அன்னம்மாள் ஆக்கிக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடைய அன்னம், அன்னை ஆகியவற்றுக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை. மூன்று சுழி போட்ட அண்ணாவுக்கும்தான்! ஒலி ஒத்துப்போனதால், வெளிநாட்டுப் பெயர் என்ற உறுத்தலே இல்லாமல் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அகமத்நகர் முகாமில் பிறந்த ஆன்

அன்னா லியோனோவென்ஸ் எழுதிவைத்த கதைப்படி, அவர் 1834-இல் வேல்ஸ் நாட்டின் கார்னாவன் ஊரில் பிறந்தவர். தந்தை கேப்டன் கிராஃபோர்ட். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு 15 வயதில் கப்பலேறி இந்தியா வந்தவர். கணவர் மேஜர் லியோனோவென்ஸ் ராணுவ அதிகாரி. சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய், வெயில் தாக்கி இறந்தவர்.

இதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

அவர் பிறந்தது 1831 நவம்பரில், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் அகமத்நகரில். பெற்றோர் வைத்த பெயர் ஆன் ஹாரியட் எம்மா எட்வர்ட்ஸ். தந்தை தாமஸ் எட்வர்ட்ஸ் கேப்டன் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஒரு சார்ஜென்ட். ராணுவத்துக்கு வருமுன் லண்டனில் மரச்சாமான் செய்தவர். மகள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அவர் இறந்துவிட்டார்.

தாய் மேரி ஆன் கிளாஸ்காட். இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. மேரி ஆனின் தந்தை பம்பாய்ப் படையில் இருந்த ஆங்கிலேய லெப்டினன்ட். ஆனால் மேரி ஆனைப் பெற்ற தாய் இந்தியப் பெண்ணாகவோ, கலப்பு வம்சத்தவராகவோ இருந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாய்வாளர்களின் முடிவு. அந்தப் பாட்டியின் பெயர் எந்தப் பதிவிலும் கிடைக்கவில்லை. தாத்தாவின் முழுப் பெயர், படைப்பிரிவு, பதவி எல்லாம் இருக்கிறது. பாட்டிக்கு ஒரு வரிகூட இல்லை.

கையில் இரண்டு குழந்தைகளோடு விதவையான மேரி ஆன், 1832 தொடக்கத்திலேயே பாட்ரிக் டோனஹோ என்ற அயர்லாந்துக்காரச் சிப்பாயை மறுமணம் செய்துகொண்டார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்து முகாம்களில் சிப்பாயின் விதவைக்கு வேறு வழியே இருக்கவில்லை. ஆன் வளர்ந்தது சிப்பாய்க் குடியிருப்புகளில். காதில் விழுந்தது மராத்தியும் இந்துஸ்தானியும். பிற்காலத்தில் அவருடைய மொழித் திறமையைப் பார்த்து மேற்கத்தியர்கள் வியந்தார்கள். வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவை அவர் தெருவில் விளையாடிய மொழிகள்.

1849 கிறிஸ்துமஸ் அன்று, பூனாவில் அவருக்குக் கல்யாணம். மணமகன் அயர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லியோன் ஓவன்ஸ். சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒரு குமாஸ்தா. கல்யாணப் பதிவில் அவர் தன் நடுப்பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி லியோனோவென்ஸ் என்று எழுதினார். உலகப் புகழ்பெற்ற அந்தக் குடும்பப் பெயர் பிறந்தது அந்தக் காகிதத்தில்தான். அதற்கு முன்னால் அப்படி ஒரு வம்சமே கிடையாது.

ஆஸ்திரேலியா போய், பினாங்கு வந்து...

கல்யாணத்துக்குப் பிறகான பத்தாண்டுகள் கஷ்ட காலம்தான். முதல் குழந்தை செலினா ஒன்றரை வயதாகும் முன்பே இறந்தது. 1852-இல் குடும்பம் கப்பலேறி ஆஸ்திரேலியா புறப்பட்டது. மகன் தாமஸ் நடுக்கடலில் பிறந்தான். பெர்த் போய்ச் சேர்ந்து ஓராண்டுக்குள் அவனும் இறந்தான். பிறகு 1854-இல் ஏவிஸ் ஆனி என்ற மகளும், 1856-இல் லூயிஸ் என்ற மகனும் பிறந்தார்கள். இவர்கள் இருவர்தான் மிஞ்சினார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். அம்மா மேரி ஆன். மகள் ஆன். பேத்தி ஏவிஸ் ஆனி. அருள் என்ற பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, மூன்று தலைமுறைப் பெண்களும் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பெர்த்தில் அவர் ஹாரியட் என்ற தன் இன்னொரு பெயரைப் பயன்படுத்தி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கப் பார்த்தார். அது எடுபடவில்லை. கணவருக்கும் நிலையான வேலை அமையவில்லை. கடைசியாக அவர் கைதிகள் முகாம் ஒன்றின் கிடங்கில் வேலை பார்த்தார். 1857-இல் குடும்பம் சிங்கப்பூர் திரும்பி, அங்கிருந்து பினாங்கு வந்தது. தாமஸுக்கு இங்கே ஒரு ஹோட்டலைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அன்றைய ஜோர்ஜ்டவுனை இன்றைக்கும் நீங்கள் நடந்தே பார்க்கலாம். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அப்போதே இருந்தது. குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இலேயே வந்துவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதைவிடப் பழையது. துறைமுகத்தில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து ஒலித்தன. இந்தியாவிலிருந்து வந்த கலப்பின ஆங்கிலேயர்கள் அலுவலகங்களில் குமாஸ்தாக்களாக இருந்தார்கள். ஆனுக்கு இந்த ஊர் ஒன்றும் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

1859 மே மாதத் தொடக்கத்தில் தாமஸ் திடீரென்று இறந்துபோனார். இன்று ஸ்ட்ரோக் என்று நாம் சொல்வதுதான் காரணமாகப் பதிவானது. மே 7-ஆம் தேதி, அன்றைய நார்தம் ரோட்டில் இருந்த புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சாலையின் பெயர் இப்போது ஜாலான் சுல்தான் அகமட் ஷா. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

புலி இல்லை, வேட்டை இல்லை, மேஜர் பதவியும் இல்லை. ஹோட்டல் வேலை பார்த்த ஒருவர் இறந்தார். 27 வயது மனைவியும், நான்கு வயது மகளும், மூன்று வயது ஆகாத மகனும் வருமானமில்லாமல் நின்றார்கள்.

அவர் ஏன் பொய் சொன்னார்?

அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 1859-இல் ஒரு விதவை என்ன வேலை செய்ய முடியும்? படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று: ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. அந்த வேலைக்கு ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது. ஆங்கிலேயப் பெண்ணாக இருக்க வேண்டும். அதுவும் மரியாதையான குடும்பத்துப் பெண்ணாக.

சிப்பாய் முகாமில் பிறந்த, இந்தியப் பாட்டியின் பேத்தியான, ஹோட்டல்காரரின் விதவை என்று உண்மையைச் சொல்லியிருந்தால், எந்த அதிகாரி வீட்டிலும் அவரை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியாவில் பெரும் கிளர்ச்சி வெடித்திருந்தது. வெள்ளையர், மற்றவர் என்ற கோடு முன்னைவிட இறுகியிருந்த நேரம் அது.

பினாங்கிலேயே அவர் இருந்திருக்க முடியுமா? கஷ்டம். கணவர் என்ன வேலை பார்த்தார் என்று ஊருக்கே தெரியும். அதோடு பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தன. பூனாவிலோ பம்பாயிலோ அவரைப் பார்த்த யாராவது எந்தக் கப்பலிலும் வந்து இறங்கலாம்.

அவர் சிங்கப்பூர் போனார். கப்பலிலிருந்து இறங்கியவர், வேல்ஸில் பிறந்த, மேஜரின் விதவை. பிற்காலத்தில் தன் புத்தக அட்டையில் அவர் போட்டுக்கொண்ட பெயர் அன்னா ஹாரியட் லியோனோவென்ஸ். ஆன் என்ற சாதாரண ஆங்கிலப் பெயரில் ஆங்கிலேயர் உதிர்த்த அந்த ஆகாரத்தை அவர் திரும்ப ஒட்டிக்கொண்டார். சர்ச் லத்தீனின் வாசனை அடிக்கும், கொஞ்சம் கௌரவமான வடிவம். அவர் சொன்ன பொய்களிலேயே ரொம்பச் சின்னது இதுதான். சொல்லப்போனால் இதைப் பொய் என்றே சொல்ல முடியாது. மூலத்துக்குப் பக்கத்தில்தான் போயிருக்கிறார்.

ஆனால் இந்தப் புதிய வாழ்க்கைக்கு ஒரு விலை இருந்தது. அக்கா எலைசா இந்தியாவிலேயே இருந்தார். அந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள முடியாது. அக்காவின் ஒரு கடிதம் போதும், எல்லாம் சரிந்துவிடும். அன்னா கடைசிவரை ஒதுங்கியேதான் இருந்தார்.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த விதவை அன்னாளை இப்போது பாருங்கள். நம் அன்னாவின் கல்யாண வாழ்க்கை ஒன்பது ஆண்டுகளும் சில மாதங்களும். விதவையாக வாழ்ந்தது 55 ஆண்டுகளுக்கும் மேல். மறுமணமே செய்துகொள்ளவில்லை. கணவர் மேல் இருந்த அன்பாகவும் இருக்கலாம். புதிதாக வரும் கணவருக்கும் அவர் குடும்பத்துக்கும் எதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாங்காக் அரண்மனையில்

சிங்கப்பூரில் அவர் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். பெரிய வருமானம் இல்லை. அந்த நேரத்தில்தான் சயாம் மன்னர் மொங்குட், தன் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஆங்கில ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் சயாமின் பிரதிநிதியாக இருந்த வணிகர் டான் கிம் சிங் மூலம் வாய்ப்பு அன்னாவுக்கு வந்தது. மகளை இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வயது லூயிஸைக் கையில் பிடித்துக்கொண்டு 1862 மார்ச்சில் பாங்காக் போய் இறங்கினார்.

மொங்குட், படங்களில் காட்டுவதுபோல கால் மேல் கால் போட்டுக் கத்திக்கொண்டிருந்த ஆள் இல்லை. அரியணை ஏறுவதற்கு முன் 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்தவர். பாலி மொழி அறிஞர். லத்தீனும் ஆங்கிலமும் படித்தவர். வானியலில் பித்துப்பிடித்தவர். ஐரோப்பிய வல்லரசுகள் அக்கம்பக்கத்து நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்தபோது, சயாமை விழுங்கவிடாமல் காப்பாற்றியதில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு. அவர் ஆசிரியையிடம் எதிர்பார்த்தது ஆங்கிலமும் மேற்கத்திய அறிவும் மட்டுமே. அதற்கு முன் சொல்லிக்கொடுத்த மிஷனரிகளின் மனைவிமார், பாடத்தோடு மதத்தையும் சேர்த்துக் கொடுக்க முயன்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்னா அங்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மாணவர்களில் ஒருவர் பட்டத்து இளவரசர் சூலாலோங்கோர்ன். 1867-இல் உடல்நலக் குறைவு காரணமாக அன்னா விடுப்பில் கிளம்பினார். அடுத்த ஆண்டு மன்னர், தானே கணித்த சூரிய கிரகணத்தைப் பார்க்கக் காட்டுப் பகுதிக்குப் போனார். கணிப்பு துல்லியமாக இருந்தது. ஆனால் அங்கே பிடித்த மலேரியா அவர் உயிரை வாங்கிவிட்டது. புதிய மன்னர் பழைய ஆசிரியைக்கு அன்பாகவே கடிதம் எழுதினார். வேலைக்குத் திரும்ப அழைக்கவில்லை.

தன்னைப் பற்றிச் சொன்ன பொய், மற்றவரைப் பற்றிச் சொன்ன பொய்

அன்னா அமெரிக்கா போனார். பிழைக்க வேண்டுமே! பத்திரிகையில் எழுதினார். 1870-இல் சயாம் அரண்மனை ஆசிரியையாக இருந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். 1873-இல் அந்தப்புரக் கதைகளைச் சொல்லும் இன்னொரு புத்தகம் வந்தது. புத்தகங்களும் சொற்பொழிவுகளும் நல்ல பெயர் வாங்கித் தந்தன.

அந்தப்புரப் பெண்களின் அடிமைத்தனத்தை அவர் உண்மையான கோபத்தோடு எழுதினார். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் கற்பனையையும் கலந்தார். அரண்மனைக்கு அடியில் நிலவறைச் சிறைகள் இருந்தன என்றார். தோண்டினால் தண்ணீர் ஊறும் பாங்காக் மண்ணில் அது எப்படி முடியும் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். காதலித்த குற்றத்துக்காக ஒரு பெண்ணை உயிரோடு எரித்ததாக எழுதினார். அதற்கும் வேறு எந்தச் சான்றும் இல்லை.

தன் பிறப்பைப் பற்றி அவர் சொன்ன பொய் எனக்கு முழுக்கப் புரிகிறது. பிள்ளைகளுக்குச் சோறு போட அவருக்கு வேறு வழி விடப்படவில்லை. மன்னரைப் பற்றி எழுதியதை அதே தட்டில் வைக்க முடியாது. அந்தக் கதைகள்தான் 1944-இல் மார்கரெட் லாண்டனின் நாவலாகி, 1951-இல் இசை நாடகமாகி, 1956-இல் யூல் பிரின்னர் நடித்த படமாகி, ஒரு கற்றறிந்த மன்னரை உலகத்தின் கண்ணில் கோமாளியாக்கின. தாய்லாந்தில் அந்தப் படத்துக்குத் தடை விழுந்தது. 1999-இல் ஜோடி ஃபாஸ்டரும் சோவ் யுன்-ஃபாட்டும் நடித்து மீண்டும் படமெடுத்தபோதும் தாய்லாந்து அனுமதி கொடுக்கவில்லை. படக்குழு மலேசியாவுக்கு வந்தது. பினாங்கிலும் காட்சிகள் எடுத்தார்கள். அன்னா மறைத்த ஊர், அவர் படத்தில் பாங்காக்காக வேஷம் போட்டது!

1884-இல் அவர் இந்தியாவைப் பற்றியும் ஒரு பயண நூல் எழுதினார். தான் பிறந்து வளர்ந்த நாட்டை, முதல் முறையாகக் கப்பலில் வந்து இறங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கண்ணால் பார்ப்பதுபோல. பூனாவைப் பார்த்து வியப்பதுபோல எழுதும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பின்னாளில் மகள் குடும்பத்தோடு கனடாவின் ஹாலிஃபாக்ஸில் குடியேறினார். அங்கே 1887-இல் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. அவர் பெயரில் ஒரு காட்சிக்கூடமும் உண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டும் போராடினார். 1897-இல் லண்டனில் சூலாலோங்கோர்ன் மன்னரை மறுபடியும் சந்தித்தார். மகன் லூயிஸ் சயாமுக்கே திரும்பிப் போய், குதிரைப்படை அதிகாரியாகி, பிறகு தன் பெயரில் ஒரு வணிக நிறுவனமும் நடத்தினார்.

குட்டு எப்படி உடைந்தது?

அன்னா 1915 ஜனவரி 19 அன்று, 83 வயதில் மாண்ட்ரியலில் இறந்தார். அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் யாருக்கும் எதுவும் தெரியாது.

கண்டுபிடித்தவர் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, சிலந்தி ஆராய்ச்சியாளர். சிலந்திகளைத் தேடி தாய்லாந்து போய்வந்த பிரிட்டனின் டபிள்யூ. எஸ். பிரிஸ்டோவ், மகன் லூயிஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுத நினைத்தார். அம்மாவின் பிறப்புப் பதிவை வேல்ஸில் தேடினார். இல்லை. மேஜர் லியோனோவென்ஸை ராணுவப் பட்டியலில் தேடினார். அதுவும் இல்லை. இழையைப் பிடித்துக்கொண்டே போனவர், இந்தியப் பதிவுகளில் வந்து நின்றார். 1976-இல் அவர் புத்தகம் வெளிவந்தது. பிறகு சூசன் மோர்கன், ஆல்ஃபிரெட் ஹாபெகர் போன்றவர்கள் மீதி இடைவெளிகளை நிரப்பினார்கள்.

ஒதுக்கப்பட்ட அக்கா எலைசாவின் கதையிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. எலைசாவின் மகள் வழிப் பேரன் வில்லியம் ஹென்றி பிராட். அவரும் பெயரை மாற்றிக்கொண்டு நடிகரானார். 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் பூதம், போரிஸ் கார்லாஃப், அவர்தான். எலைசா என்பதும் எபிரேயத்தில் வேர் கொண்ட பெயரே, எலிசபெத்தின் சுருக்கம். மேரி, மரியாள். இப்படிப் பார்த்தால், அந்த வீட்டுப் பெண்களில் பலருக்கும் யூதேயாவிலிருந்து வந்த பெயர்கள். யாருடைய ரத்தத்தை மறைக்க இவ்வளவு பாடுபட்டார்களோ, அந்தப் பாட்டியின் பெயர் மட்டும்தான் இல்லை. அது மராத்தியா, இந்துஸ்தானியா, அதற்கு என்ன பொருள் என்று நம்மால் ஒரு கட்டுரை எழுத முடியாது.

மாண்ட்ரியலில் உள்ள அன்னாவின் கல்லறைக் கல், அவரை மேஜர் தாமஸ் லோர்ன் லியோனோவென்ஸின் அன்பு மனைவி என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. லியோன் என்பதுகூட அங்கே லோர்ன் ஆகிவிட்டது. மேஜர் ஆகாத அந்தத் தாமஸைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கனடா போக வேண்டாம். ஜோர்ஜ்டவுனில் ஜாலான் சுல்தான் அகமட் ஷா வழியாகப் போகும்போது, கெம்போஜா மரங்கள் நிறைந்த அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து தேடுங்கள். பிரான்சிஸ் லைட்டைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இவரைக் கவனிக்காமல் கடந்துபோய்விடுவார்கள்.